சர்வர் சுந்தரமும் சிரிப்பின் கூலியும்



இம்முறை ஒரு பழைய திரைப்படத்தைப் பற்றி எழுத விழைகின்றேன். படத்தின் பெயர் 'சர்வர் சுந்தரம்'. 1964ஆம் ஆண்டு ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பில், கிருஷ்ணன் பஞ்சு இரட்டையரின் இயக்கத்தில் வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் படத்திற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. நம் வகுப்புகளில் எப்படியும் ஒரு சுந்தரம் இருக்கின்றான். ஆசிரியர் வெண்பலகையின் பக்கம் திரும்பியதும் அவரைப் போலவே கையசைத்து, குரலை மாற்றி, வகுப்பையே சிரிக்க வைப்பவன் அவன். அவனை அடக்குவதா வளர்ப்பதா என்று ஆசிரியர் அறையில் நாம் பலமுறை விவாதித்திருப்போம். அவன் வளர்ந்த பிறகு என்ன ஆவான், அவன் தரும் சிரிப்புக்கு யார் விலை கொடுக்கின்றார்கள் என்பதை அப்படம் காட்டுகின்றது. அதனால்தான் எழுதுகின்றேன்.

இக்கதையை எழுதியவர் கே. பாலசந்தர். முதலில் இது மேடை நாடகமாகவே அரங்கேறியது. நாடகங்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் பாலசந்தர் சென்னை ஏ.ஜி. அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். பகலில் கோப்புகள், மாலையில் ஒத்திகைகள் என்பதே அவருடைய நாள். சுந்தரமாக நடித்த நாகேஷும் திரைக்கு வருமுன் இரயில்வேயில் எழுத்தராக இருந்தவர். நாடகமொன்றில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடங்களே தோன்றி, அவையில் இருந்த எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றவர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒடிசலான உடலும் அம்மைத் தழும்பு படர்ந்த முகமும் கொண்ட அவரைக் கதாநாயகனாக எண்ணிப் பார்க்க அன்றைய திரையுலகில் துணிவு வேண்டியிருந்தது. மாதச் சம்பளத்திற்கும் மேடை ஆசைக்கும் இடையில் அல்லாடியவர்கள் இவ்விருவரும். பிழைப்புக்காக ஒரு வேலையும் மனத்துக்காக ஒரு வேலையும் பார்க்கும் மனிதனைப் பற்றி எழுதவும் நடிக்கவும் இவர்களைவிடத் தகுந்தவர் யார்?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். சுந்தரம் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் பணியாளன். தாயும் மகனுமாக எளிய வாழ்க்கை. விடுதி உரிமையாளரின் மகள் ராதா அவனிடம் கனிவாகப் பேசுகின்றாள். அக்கனிவைக் காதல் என்று எண்ணிக்கொள்கின்றான். அவனுடைய உயிர் நண்பன் ராகவனின் உதவியால் திரைப்பட வாய்ப்புக் கிடைக்கின்றது. நாடே போற்றும் நகைச்சுவை நடிகன் ஆகின்றான். அதன் பிறகுதான் ராதாவும் ராகவனும் ஒருவரையொருவர் விரும்புவது அவனுக்குத் தெரிய வருகின்றது. அந்த வலியை விழுங்கிக்கொண்டு மறுபடியும் ஊரைச் சிரிக்க வைக்கப் போகின்றான். தன் இறுதி நேரத்தில் மகன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது தாயின் ஆசை. அத்தாய் உயிருக்குப் போராடும் வேளையில் அவனோ படப்பிடிப்புத் தளத்தில் இருக்கின்றான். செய்தி அவனை உரிய நேரத்தில் எட்டவில்லை. ஓடி வந்து பார்க்கும்போது தாய் இல்லை. பணத்தையும் புகழையும் உதறிவிட்டு, மீண்டும் பரிமாறும் வேலைக்கே திரும்புகின்றான்.

இப்படிச் சுருக்கிச் சொன்னால் அழுகைப் படம் போலத் தோன்றும். உண்மையில் படத்தின் பெரும்பகுதி வயிறு வலிக்கச் சிரிக்கத் தக்கது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காட்சியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அடுத்த காட்சியில் மறுபடியும் சிரிப்பு. நாகேஷின் உடல் அதற்கென்றே வார்த்ததுபோல் வளையும். குவளைகளையும் தட்டுகளையும் அடுக்கிச் சுமந்துகொண்டு அவர் நடக்கும் நடையில் நகைச்சுவையும் இருக்கின்றது. ஓர் உழைப்பாளியின் கைத்திறனும் இருக்கின்றது.

இப்படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, கலையை உழைப்பாகக் காட்டும் அதன் நேர்மை. ஒரு பாடல் எவ்வாறு ஒலிப்பதிவு செய்யப்படுகின்றது என்பதைத் திரையிலேயே காட்டுகின்றார்கள். டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகின்றார். எம்.எஸ். விசுவநாதன் இசைக்குழுவை நடத்துகின்றார். வாத்தியக்காரர்கள் தத்தம் இடத்தில் கவனத்தோடு அமர்ந்திருக்கின்றார்கள். நாம் கேட்டு மகிழும் சில நிமிடப் பாடலுக்குப் பின்னால் ஓர் அறை நிறைய மனிதர்கள் வியர்வை சிந்துகின்றார்கள் என்பதை 1964லேயே மக்களுக்குத் திறந்து காட்டிய படம் இது. சிரிப்பும் அவ்வாறே. அது யாருக்கும் இயல்பாகக் கொட்டுவதில்லை. நேரம் தவறாமல் விழ வேண்டும். நேரம் தவறாமல் எழ வேண்டும். பலமுறை ஒத்திகை பார்த்தபின் முதன்முறை விழுவதுபோல் விழ வேண்டும்.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் தந்தையார் பீடோருக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஆண்டுதோறும் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாடகம் போடுவார்கள். இராஜா வேடமும் மந்திரி வேடமும் ஆண்டுக்காண்டு கைமாறும். பபூன் வேடம் மட்டும் என் தந்தையாருக்கே. நாடகம் முடிய விடியற்காலை ஆகிவிடும். சற்று நேரத்தில் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, காதோரத்தில் வெள்ளை ஒட்டியிருக்க, கத்தியும் வாளியுமாகக் கிளம்புவார். அவருக்குக் கிடைத்த கூலி ஒரு துண்டும் ஒரு மாலையும். ஊரைச் சிரிக்க வைத்த அம்மனிதர் வீட்டில் அதிகம் பேசமாட்டார். சிறுமியாக இருந்தபோது அது எனக்கு விளங்காத புதிராக இருந்தது. மேடையில் இருந்த அப்பாவை வீட்டிற்கு அழைத்து வர முடியாதா என்று ஏங்கியதுண்டு.

தோட்டம் விற்கப்படப் போகின்றது என்ற அறிவிப்பு வந்த ஆண்டும் திருவிழா நடந்தது. அதுவே கடைசித் திருவிழா என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது எனக்குப் பதினொரு வயது. அன்றிரவு என் தந்தையார் ஒரு கோழிக்கூட்டைத் தலையில் சுமந்துகொண்டு மேடை முழுவதும் வீடு தேடி அலைந்தார். இராஜாவின் அரண்மனைக் கதவைத் தட்டி, கோழிக்கு மட்டுமாவது இடம் உண்டா என்று கேட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களில் பலர் முந்தானையால் கண்களையும் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் கோழிக்கூடு உண்மையாகவே இருந்தது. அதை எங்கே கொண்டு போவது என்று அம்மாவும் அவரும் முதல் நாள் இரவு பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருந்தேன். அடுத்த சில மாதங்களில் நாங்கள் பீடோர்ப் பட்டணத்திற்கு வந்துவிட்டோம். தந்தையார் ஒரு கொய்யாத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவேயில்லை. ஏற மேடையும் இல்லை.

பீடோர் பெருவழிச்சாலையை ஒட்டிய ஊர். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே போகின்றவர்கள் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுப் போவதற்குப் பெயர் பெற்றது. என் மாணவர்களின் பெற்றோர்களில் சிலர் சாப்பாட்டுக் கடைகளிலும் ஒட்டுக்கடைகளிலும் வேலை செய்கின்றார்கள். ஆகவே, கல்வியாண்டின் இறுதி வாரத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் 'சர்வர் சுந்தரம்' படத்தைக் காட்ட முடிவு செய்தபோது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நூலகத்தின் வெண்திரையில், மூன்று நாள்களாகப் பிரித்துக் காட்டினேன். வண்ணம் இல்லையே என்று முதல் பத்து நிமிடங்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அந்த முணுமுணுப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. குவளைகளை அடுக்கும் காட்சியைப் பார்த்ததும் ஒரு மாணவி எழுந்து, "எங்கம்மாவும் இப்படித்தான் டீச்சர் அடுக்குவாங்க, ஒன்னும் கீழ விழாது" என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையை நான் என்றும் மறவேன். தன் தாயின் வேலையைத் திரையில் ஒரு கதாநாயகன் செய்து அவள் அதுவரை பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் சில நொடிகள் அமைதி. பிறகு கேள்விகள் எழுந்தன. இவ்வளவு பெரிய நடிகர் ஏன் மீண்டும் பரிமாறப் போக வேண்டும்? நடிப்பு கெட்டதா? அம்மா இறந்ததற்கு நடிப்பா காரணம்? நான் விடை சொல்லவில்லை. அவர்களையே பேசவிட்டேன். கலைத்தொழிலுக்குப் போனால் குடும்பம் போய்விடும் என்றான் ஒருவன். அதைத்தானே படம் சொல்கின்றது என்றார்கள் வேறு சிலர். அதுவரை வாய் திறவாத ஒரு மாணவன் கடைசி வரிசையிலிருந்து சொன்னான்: "அவரு நடிக்கப் போனது தப்பில்ல டீச்சர். அம்மாவுக்கு முடியலன்னு அவருக்கு நேரத்தோட போய்ச் சேரலையே, அதுதான் தப்பு."

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் இவ்விடை பல நாள்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் முடிவு கலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோல் தோன்றுகின்றது. காட்சிகளைக் கூர்ந்து பார்த்தால் குற்றம் வேறிடத்தில் இருக்கின்றது. ஒரு மனிதனின் வீட்டிலிருந்து வரும் செய்திக்கு இடமில்லாதபடி அவனுடைய வேலை அமைந்துவிட்டது. நடிப்பைக் கைவிட்டால்தான் நல்ல மகனாக இருக்க முடியும் என்ற நிலை அதனால்தான் வந்தது.

சில வாரங்கள் கழித்து, புதிய கல்வியாண்டில், இதே கேள்வி வேறு வடிவில் என்னைத் தேடி வந்தது. ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவன். குரல்களைப் பிடிப்பதில் வல்லவன். பேருந்து ஓட்டுநர், சந்தைக்கடைச் சீனக் கிழவர், பள்ளித் தோட்டக்காரர் என்று யாரையும் விடமாட்டான். கட்டொழுங்கு ஆசிரியரின் அறைக்குச் சில முறை சென்று வந்தவன். அவனைக் கதை சொல்லும் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தேன். பள்ளி அளவில் வென்றான். மாவட்ட அளவிலான போட்டி தாப்பாவில். பாரத்தில் கையொப்பமிட வேண்டிய அவனுடைய தாயார் நேரில் வந்தார். "பேர எடுத்துடுங்க டீச்சர். எங்கண்ணன் நாடகம், பாட்டுன்னு போயி வீட்டையே மறந்துட்டாரு. அதுல இருந்து எங்கம்மா எழுந்திரிக்கவே இல்ல. இவனும் அப்படி ஆயிடக்கூடாது" என்றார். பாரம் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று புதன்.

கலைஞனைப் பற்றிய இந்த அச்சம் நம் இனத்துக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டு மக்கள் அனைவரும் அறிந்த பி. ரம்லீயின் 'இபு மெர்துவாக்கு' படத்தை நினைவுகூருங்கள். 'சர்வர் சுந்தரம்' வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1962இல் வந்த படம் அது. சக்சபோன் வாசிக்கும் காசிம் சலாமாட்டைச் செல்வந்தரான மாமியார் ஏற்க மறுப்பதே கதையின் வேர். காரணம், அவன் ஓர் இசைக்கலைஞன். முற்பகுதியில் நாம் வாய்விட்டுச் சிரிக்கின்றோம். பிற்பகுதியில் அவன் அழுது அழுது கண்பார்வை இழக்கின்றான். அப்படத்தை எடுத்த பி. ரம்லீயின் வாழ்க்கையும் ஏறக்குறைய அவ்வாறே முடிந்தது. ஒரு காலத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கொடிகட்டிப் பறந்தவர், பிற்காலத்தில் வாய்ப்புகள் குறைந்து, 1973 மே 29ஆம் நாள் தம் 44ஆம் வயதில் காலமானார். 'டான் ஸ்ரீ' விருது அவருக்கு 1990இல்தான் வழங்கப்பட்டது. மறைந்து பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த மாலை அது.

நாகேஷின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. 'சர்வர் சுந்தரம்' வந்த அதே 1964இல்தான் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் கதை சொல்லியே பாலையாவை நடுங்க வைத்தார். 1965இல் 'திருவிளையாடல்' படத்தின் தருமியாக, பரிசுக்கு ஏங்கும் ஏழைப் புலவனாக, இன்றுவரை நம் பள்ளி மேடைகளில் மாணவர்கள் நடித்துப் பார்க்கும் ஒரு பாத்திரத்தை உருவாக்கினார். 1968இல் பாலசந்தரின் 'எதிர்நீச்சல்'. இவற்றுக்கெல்லாம் தேசிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 1994இல் வெளிவந்த 'நம்மவர்' படத்துக்காகவே சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். அதில் அவர் மகளைப் பறிகொடுத்த தந்தை. நாற்பது ஆண்டுகளை நெருங்கும் காலம் மக்களைச் சிரிக்க வைத்தவர் அழுது காட்டிய பிறகுதான் அவர் நடிகர் என்பது விருதுக் குழுவினருக்குத் தெரிந்தது போலும்! 2009 ஜனவரி 31ஆம் நாள் அவர் மறைந்தார். பத்ம விருது எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை.

நம் வகுப்பறையிலும் இதேதான் நடக்கின்றது என்று எண்ணுகின்றேன். அழும் பிள்ளையை அழைத்து விசாரிக்கின்றோம். சிரிக்க வைக்கும் பிள்ளையை விசாரிப்பதில்லை. அவனுக்குக் குறை ஒன்றும் இருக்க முடியாது என்று எண்ணிக்கொள்கின்றோம். ஆசிரியர் தின விழாவிற்கு ஒரு நகைச்சுவை நாடகம் தேவைப்பட்டால் அவனைத் தேடுகின்றோம். விழா முடிந்ததும், "போதும் உன் சேட்டை" என்று உட்கார வைக்கின்றோம். 2015இல் வெளிவந்த நம் நாட்டுப் படமான 'ஜகாட்', இப்படிப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றியதுதான். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அப்படத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போய், கற்பனையும் துடிப்பும் மிக்கவன். வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்குக் கிடைப்பது அடி. அவனை அரவணைக்கக் காத்திருப்பதோ வேறோர் உலகம். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்திற்கான விருதை அது வென்றது. ஆசிரியர்கள் அனைவரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டிய படம்.

சிரிக்க வைப்பவனின் கண்ணீரை உலகத் திரைப்படங்கள் பலவும் போற்றியுள்ளன. சார்லி சாப்ளினின் 'லைம்லைட்' (1952) படத்தில் மூப்படைந்த கோமாளி, கடைசி முறையாக அரங்கைச் சிரிக்க வைத்துவிட்டு, மேடையின் ஓரத்தில் உயிர் விடுகின்றான். ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்' (1970) படத்தில் தாய் இறந்த அதே நாளில் சர்க்கஸ் கோமாளி மேடையேறிச் சிரிக்க வைக்கின்றான். அழகான காட்சிகள்தாம். ஆனால் ஓர் ஆசிரியையாக எனக்கு இவற்றில் ஒரு தயக்கம் உண்டு. துன்பத்தை விழுங்கினால்தான் கலைஞன் என்ற எண்ணத்தை இவை இளம் மனங்களில் விதைத்துவிடக்கூடும். சுந்தரம் அப்படிச் செய்யவில்லை. தாய் போன பிறகு, இந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது என்று எழுந்து போய்விடுகின்றான். அவன் முடிவை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும் அதில் ஒரு தன்மானம் இருக்கின்றது.

பாலசந்தர் எழுதிய இக்கேள்விக்கு, ஐம்பத்தோர் ஆண்டுகள் கழித்து அவருடைய மாணவர் ஒருவர் விடை எழுதியதாக நான் கருதுகின்றேன். கமல்ஹாசன் எழுதி, ரமேஷ் அரவிந்த் இயக்கி, 2015 மே மாதம் வெளிவந்த 'உத்தம வில்லன்' படத்தைத்தான் சொல்கின்றேன். புகழின் உச்சியில் இருக்கும் நடிகன் மனோரஞ்சனுக்கு மூளையில் கட்டி, நாள்கள் எண்ணப்படுகின்றன. தன்னை உருவாக்கிய பழைய இயக்குநரைத் தேடிச் சென்று, கடைசியாக ஒரு நகைச்சுவைப் படம் எடுத்துத் தருமாறு வேண்டுகின்றான். அந்த இயக்குநராகத் திரையில் தோன்றியவர் பாலசந்தரே. படம் திரைக்கு வருமுன், 2014 டிசம்பர் 23ஆம் நாள், அவர் காலமாகிவிட்டார். சாகப்போகும் நடிகன், சாகாவரம் பெற்றவனாக நம்பப்படும் ஒரு கூத்துக் கலைஞனின் வேடத்தில் நம்மைச் சிரிக்க வைக்கின்றான்.

ஆனால் நான் கவனித்தது வேறொன்று. மனோரஞ்சன் எஞ்சிய நாள்களில் இரண்டு வேலைகளைச் செய்கின்றான். ஒரு பக்கம் படப்பிடிப்பு. மறுபக்கம் மகனோடும் மகளோடும் முறிந்துபோன உறவை ஒட்ட வைக்கும் முயற்சி. ஒன்றுக்காக மற்றொன்றை அவன் தள்ளி வைக்கவில்லை. அப்படத்திலும் உரிய நேரத்தில் போய்ச் சேராத கடிதம் ஒன்று உண்டு. அவனுடைய வாழ்வையே மாற்றியிருக்கக்கூடிய கடிதம் அது. அவனோடு நெடுங்காலம் இருந்த மேலாளரே அதை மறைத்திருந்தார். சுந்தரத்துக்கும் மனோரஞ்சனுக்கும் நேர்ந்த கேடு ஒன்றுதான். வீட்டின் செய்தி கலைஞனிடம் போய்ச் சேரவில்லை. கடைசி வரிசை மாணவன் சொன்னதும் அதைத்தானே?

மீண்டும் அந்தத் தாயாரிடம் வருகின்றேன். வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரக் கூட்டம் குறைந்த பிறகு, அவர் வேலை செய்யும் ஒட்டுக்கடைக்குச் சென்றேன். கலையின் பெருமையைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசவில்லை. "அக்கா, இவன் பயிற்சிக்கு வந்தா வீட்டுல எது நின்னு போகும்?" என்று மட்டும் கேட்டேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். சனிக்கிழமைகளில் அவருக்கு நாள் முழுவதும் வேலை. கணவர் லாரி ஓட்டுநர். வாரக் கடைசியில்தான் நெடும்பயணம். வீட்டில் நான்கு வயதுத் தங்கை. அவளைப் பார்த்துக்கொள்பவன் இவன்தான். அண்ணனைப் பற்றிய பழைய வலி உண்மைதான். அதற்கு அடியில் இருந்தது சனிக்கிழமை.

நாங்கள் வைத்திருந்த பயிற்சியோ சனிக்கிழமை காலையில்தான். அதை மாற்றினோம். ஓய்வு நேரத்தில் பத்து நிமிடம், பள்ளி முடிந்து அரை மணி நேரம். போட்டி நடந்ததும் ஒரு சனிக்கிழமை. அன்று தங்கையையும் எங்களோடு வேனில் அழைத்துச் செல்வதென்று முடிவாயிற்று. அந்தத் தாயார் கையிலிருந்த ஈரத்தை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, கடை மேசை மேலேயே பாரத்தில் கையொப்பமிட்டார். "வீட்ட மறக்கக்கூடாதுன்னு அவன்கிட்ட நீங்க சொல்லணும்" என்றார். சொல்கின்றேன் என்றேன். சொன்னேன்.

தாப்பாவில் அவனுக்கு மூன்றாம் நிலை கிடைத்தது. தங்கை முதல் வரிசையில் அமர்ந்து, அண்ணன் வாய் திறக்குமுன்பே சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியாது. நடிகனாகலாம், ஓட்டுநராகலாம், நம்மைப்போல் ஆசிரியராகலாம். ஆசிரியரும் ஒரு வகையில் மேடையேறுகின்றவர்தாமே! வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு வந்து, ஒன்றாம் ஆண்டு வகுப்பில் முயல் போல் துள்ளிக்காட்டிய நாள்கள் நமக்கும் உண்டு. அந்நாள்களில் நம் கைப்பேசி ஒலித்தால், "போங்க டீச்சர், வகுப்ப நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் ஒரு சக ஆசிரியர் இருந்தால் போதும். அதே உதவியைத்தான் நாம் மேடையேற்றும் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டும்.

ஆகவே, நண்பர்களே, இரண்டு வேண்டுகோள்கள். ஆசிரியர்களுக்கு: வகுப்பைச் சிரிக்க வைக்கும் மாணவனின் வீட்டு நிலவரத்தை ஒருமுறை கேட்டறியுங்கள். மேடைக்கு அவனை அழைக்குமுன், அவன் இல்லாத நேரத்தில் வீட்டில் எந்த வேலை நிற்கும் என்று கேளுங்கள். பெற்றோர்களுக்கு: பிள்ளையின் கலையார்வம் அச்சம் தந்தால், "வேண்டாம்" என்று சொல்லுமுன் எதற்காக அஞ்சுகின்றீர்கள் என்பதை எங்களிடம் சொல்லுங்கள். சில அச்சங்களுக்கு எங்களிடம் மருந்தில்லை. சிலவற்றுக்கு நேர அட்டவணையை மாற்றினாலே போதும்.

இவ்விடுமுறையில் வாய்ப்பிருந்தால் பிள்ளைகளோடு அமர்ந்து 'சர்வர் சுந்தரம்' பாருங்கள். படம் முடிந்ததும் விடை சொல்ல அவசரப்படாதீர்கள். சுந்தரம் செய்தது சரியா என்று அவர்களைக் கேளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர் பேசும்வரை காத்திருங்கள்.